உறையின் மேல் எழுத வேண்டிய பெயர்

உ
சிவமயம்

மல்கிரேவ், மெல்பேர்ண்
3.3.1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுமென்று கேரம் டவுன்ஸ் சிவனிடமும் விஷ்ணுவிடமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே இரண்டு பேருக்கும் ஒரே கோயில்தான். ஒருவர் மறந்தாலும் மற்றவர் கவனிப்பார்.

ஒன்றரை வருடம், அக்கா! கொழும்பு லொட்ஜுக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் திரும்பி வந்தன. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்றுகூடத் தெரியாமல் நான் இங்கே கார் ஆசனங்களுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நாலு வரியில் ஓர் அட்டை வருகிறது. "ரியாத்தில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். கவலைப்படாதே." பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த சத்தியபாமா ரீச்சர் சவூதியில் யாரோ ஒருவரைக் குளிப்பாட்டுகிறார் என்றால் நான் கவலைப்படாமல் வேறு என்ன செய்வது?

இன்னொன்று. உறையின் மேல் 'நஸீமா' என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். யார் அந்த நஸீமா? உங்கள் கடிதங்களை வாங்கித் தருகிறவரா?

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். எனக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. இங்கே குடிவரவில் 'எஞ்சிய ஒரே உறவு' என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேறு எங்கும் சொந்தம் இல்லாத ஒருவரை இங்கே இருக்கும் கூடப்பிறந்தவர் கூப்பிடலாம். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, என்னை வளர்க்கிறேன் என்று நீங்கள் கலியாணமும் கட்டவில்லை. எங்களுக்கென்றே எழுதிய சட்டம் போல இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. பாஸ்போட் பிரதியை மட்டும் உடனே அனுப்புங்கள்.

என்னோடு வீட்டைப் பங்குபோடும் குணசீலன் ஈப்போக்காரர், இஞ்சினியர். தங்கமான மனிதர். "சும்மா கிடக்கிற அந்த ரூம் அக்காவுக்கு, அவங்க வந்தா நான் வேற இடம் பாத்துக்கிறேன் சிறி" என்று இப்போதே சொல்லிவிட்டார். கட்டாயம் பதில் போடுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி
சிறிதரன்


ரியாத்
29.3.1996

அன்புத் தம்பி சிறிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்து, நாலாம் தரம் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சுகம். படி ஏறி இறங்குவதால் கால் கொஞ்சம் வீங்குகிறது, அவ்வளவுதான். நீ மெலிந்திருக்கிறாயா கொழுத்திருக்கிறாயா என்று ஒரு சொல் எழுதவில்லை. சிவனைப் பற்றியும் விஷ்ணுவைப் பற்றியும் மட்டும் எழுதியிருக்கிறாய். ஊரில் காதைப் பிடித்து இழுத்தாலும் கோயிலுக்கு வராத பிள்ளை நீ!

நஸீமா நான்தான். எனக்கு முன்பு இந்த வீட்டில் வேலை செய்த பிள்ளையின் பெயர் அது. இவர்களுக்கு மாற்றிக் கூப்பிடச் சோம்பல். எனக்கும் பழகிவிட்டது.

வீட்டு முதலாளியின் தாயாரைத்தான் நான் பார்க்கிறேன். 'யும்மா' என்று கூப்பிடுவேன், அவர்கள் மொழியில் அம்மா. வாதத்தில் வலது பக்கம் வராது. ஒரு நாளைக்கு ஐந்து தரம் தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவித் துடைத்து, அவர் உட்காரும் கதிரையை மேற்குப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். வாசலுக்குப் போவதென்றால் தலை முதல் கால் வரை கறுப்பு உடுப்பு. முதல் மாதம் அதில் தடுக்கிப் படியில் விழுந்தேன். இப்போது அது இல்லாமல் கதவுப் பக்கம் போக உடம்பு கூசுகிறது. நோன்பு மாதத்தில் நானும் வீட்டோடு சேர்ந்து பகலில் சாப்பிடவில்லை. உடம்புக்கு நல்லதுதான்.

இனி நான் சொல்வதை ஒழுங்காகக் கேள். கடிதத்தின் தலையில் சிவமயம் போடாதே. சாமி படம், திருநீறு, சந்தனம் எதுவும் உள்ளே வைக்காதே. வெறும் தாளில் எழுது. கடிதங்கள் முதலாளியின் அலுவலகப் பெட்டிக்கு வந்துதான் என் கைக்கு வரும். அவர் நல்ல மனிதர், ஒருநாளும் திறந்ததில்லை. இருந்தாலும் வேண்டாம். காரணத்தை நேரில் சொல்கிறேன்.

பாஸ்போட் முதலாளியிடம் இருக்கிறது. இங்கே எல்லாருடையதும் அப்படித்தான். அடுத்த ஜனவரி 18ஆம் திகதி என் இரண்டு வருடம் முடிகிறது. கொழும்புக்குப் போய் அங்கிருந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்வோம். அதுவரை என் பெயரில் எந்த விண்ணப்பமும் போடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மல்கிரேவ்
5.5.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கொழுத்திருக்கிறேன், போதுமா? உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

நீங்கள் சொன்னபடி தலையில் ஒன்றும் எழுதாமல் தொடங்கியிருக்கிறேன். சீப்பால் தலை இழுக்காமல் வெளியே வந்தது போல இருக்கிறது. அக்கா, உண்மையைச் சொல்லுங்கள். கும்பிட விடுகிறார்களா? ஊரில் வெள்ளி தவறாமல் விளக்கு வைத்தவர் நீங்கள். பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார்கள், சிவமயம் கூடாது என்கிறார்கள். நினைக்க எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

என்னோடு வேலை செய்யும் யூசுப் லெபனான்காரர். அவரிடம் கேட்டேன். "அந்த நாடு வேறு, எங்கள் ஊர் வேறு. உன் அக்கா சொல்வதைக் கேள்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

பாஸ்போட்டில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுக்கக்கூடவா முதலாளி விடமாட்டார்? நல்ல மனிதர் என்று எழுதினீர்களே? சரி, கோபிக்காதீர்கள். ஜனவரி மட்டும் பொறுக்கிறேன்.

போன ஞாயிறு குணசீலனின் காரில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். மலை அடிவாரம், நல்ல குளிர். உங்களுக்காக நேர்த்தி வைத்திருக்கிறேன். உங்கள் அறைக்கு ஒரு கட்டிலும் ஜன்னலோரம் போட ஒரு கதிரையும் வாங்கியாயிற்று. நீங்கள் வந்து கொப்பி திருத்த மேசை வேண்டுமென்றால் அதையும் வாங்கலாம்.

உங்கள் தம்பி
சிறி


ரியாத்
25.8.1996

அன்புத் தம்பி சிறிக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது, பொறுத்துக்கொள். யும்மாவை ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நானும் கூடவே கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கட்டில் வாங்கினாய் சரி, மெத்தை வாங்கினாயா?

கும்பிட விடுகிறார்களா என்று கேட்டிருந்தாய். மனதுக்குள் கும்பிடுவதை யார் தடுக்க முடியும்? என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இவர்கள் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பக்கத்து வீட்டில் பண்டாரவளைப் பிள்ளை ஒன்று வேலை செய்கிறாள், அஞ்சலை. அவளுக்கும் இங்கே வேறு பெயர். மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடும்போது மதிலுக்கு மேலால் நாலு வார்த்தை பேசுவோம். அவளுடைய வீட்டைப் பார்க்கும்போது என் வீடு எவ்வளவோ மேல்.

ஆஸ்பத்திரியில் யும்மா தாதிமாரிடம் என்னைக் காட்டி, "இவள் என் மகள்" என்று சொன்னார். "நீ போனால் என் கையைக் காலைக் கழுவ யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டு அழுதார். எனக்குச் சில நேரம் வெட்கமாக இருக்கிறது சிறி. ஏன் என்று கேட்காதே.

இன்னும் இருபத்தொரு வெள்ளிக்கிழமைதான். எண்ணிக்கொண்டிருக்கிறேன். கணக்கு ரீச்சர் அல்லவா.

மறுபடியும் சொல்கிறேன், வெறும் தாளில் எழுது.

அக்கா


உ
சிவமயம்

மல்கிரேவ்
11.11.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பத்து வெள்ளிக்கிழமை மிச்சம், நானும் எண்ணுகிறேன். மெத்தையும் வாங்கிவிட்டேன்.

நேற்றுத் தீபாவளி. கேரம் டவுன்ஸில் கார் விட இடமில்லை. அன்னதானத்தில் நான் சாம்பார் வாளி தூக்கினேன், இன்னும் தோள் நோகிறது. பூசை முடிந்தபின் ஐயரிடம் உங்கள் நட்சத்திரத்தைச் சொன்னேன். "மீன ராசிக்கு ஜென்மச் சனி நடக்குது. பயணம் வெளிக்கிடுற நேரத்திலதான் தடங்கல் வரும். கவனமா இருக்கச் சொல்லுங்கோ" என்றார். பத்து வெள்ளிக்கிழமை இருக்கும்போதா இதைக் கேட்க வேண்டும்? நின்ற நிலையிலேயே உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன்.

இதற்குள் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். திருநீறும் குங்குமமும். நீங்கள் வேண்டாம் என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. திட்டாதீர்கள். குணசீலனும், "கவர்ல பவுடர் போடாதீங்க சிறி, யாராச்சும் திறந்து பாத்தா வீண் தொல்லை" என்று தடுத்துப் பார்த்தார். முதலாளி கடிதங்களைத் திறப்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு என்ன? ஒரு சிட்டிகைத் திருநீறு யாரை என்ன செய்யும்? படுக்கும்போது தலையணைக்குக் கீழே வையுங்கள். அர்ச்சனை ரிக்கற்றும் இருக்கிறது. சத்தியபாமா, ரேவதி என்று ஆங்கிலத்தில் வடிவாக அச்சடித்திருக்கிறார்கள். மற்றவர்கள் உங்களை என்ன பெயர் சொல்லியும் கூப்பிடட்டும். சாமிக்கு நீங்கள் சத்தியபாமாதான்.

இந்த ஒரு தரம் மட்டும் சிவமயமும் போட்டுவிட்டேன். இனிப் போடமாட்டேன்.

உங்கள் தம்பி
சிறி


மல்கிரேவ்
16.2.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

தீபாவளிக்கு எழுதியதற்குப் பதில் இல்லை. வருடப்பிறப்புக்கு எழுதியதற்கும் இல்லை. ஜனவரி 18 வந்து போய்விட்டது. கொழும்பு லொட்ஜுக்கு ரெலிபோன் எடுத்தேன், அப்படி ஒருவரும் வரவில்லை என்கிறார்கள். திருநீறு அனுப்பிய கோபமா? கோபமென்றால் நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதுங்கள். இப்படிப் பேசாமல் இருக்காதீர்கள் அக்கா. சின்ன வயதிலும் நீங்கள் அடித்தால் எனக்கு நோகாது, பேசாமல் விட்டால்தான் நோகும்.

ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன்.

சிறி


உ
சிவமயம்

கொழும்பு
17.4.1997

அன்புத் தம்பி சிறிக்கு,

நான் கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டேன். சுகமாக இருக்கிறேன். உன்னைப் பயப்படுத்திவிட்டேன் என்று தெரியும். வெளிக்கிடுகிற நேரத்தில் எனக்குக் கொஞ்சம் சுகமில்லாமல் போய்விட்டது. சில மாதம் பேனா பிடிக்க முடியவில்லை. இப்போது ஒன்றுமில்லை. தலைமயிர் நிறையக் கொட்டிவிட்டது, நரையும் விழுந்துவிட்டது. வயதும் ஆகிறதுதானே.

யும்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவருக்குத்தான் மனவருத்தம்.

உன் தீபாவளிக் கடிதம் கிடைத்தது. திருநீறும் கிடைத்தது. உனக்குத்தான் எவ்வளவு பாசம்.

பாஸ்போட் எடுப்பதில் ஒரு சிறிய சுணக்கம் இருக்கிறது. ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டிய அலுவல் ஒன்றும் இருக்கிறது. அவசரப்படாதே. நான் எழுதும் மட்டும் ஒன்றும் செய்யாதே.

அக்கா


உ
சிவமயம்

மல்கிரேவ்
11.5.1997

என் அன்பு அக்காவுக்கு,

சுகம், சுகம், நூறு தரம் சுகம்! உங்கள் கடிதத்தில் சிவமயத்தைக் கண்டதும் வாசலில் நின்றே அழுதுவிட்டேன். குணசீலன் ஏதோ சாவுச் செய்தி என்று ஓடி வந்தார்.

பார்த்தீர்களா? அவ்வளவு வருத்தம் வந்தும் உயிரோடு வந்து சேர்ந்தீர்கள். அந்தத் திருநீறுதான் காப்பாற்றியது. நான் குணசீலனிடம் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறேன், "பவுடர் என்றீர்களே, பார்த்தீர்களா?" என்று. பாவம், தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார். இதனோடு இன்னொரு பொட்டலமும் அனுப்புகிறேன். இப்போது உங்களைத் தடுக்க யாருமில்லை.

விண்ணப்பப் படிவம் முழுவதையும் நிரப்பி வைத்திருக்கிறேன். பாஸ்போட் இலக்கம் எழுதுகிற கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதோடு, ஒரு வருடத்துக்கு மேல் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் நற்சான்றிதழ் வேண்டுமாம். ரியாத்தில் எப்படி எடுப்பது என்று கேட்டு எழுதுங்கள். நல்ல மனிதரான உங்கள் முதலாளி உதவுவார்தானே?

உங்கள் தம்பி
சிறி


பண்டாரவளை
20.7.1997

மெல்பேர்ண் அண்ணனுக்கு அஞ்சலை எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் பிள்ளைகளும் சுகம். நீங்களும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. ரியாத்தில் அக்கா இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வேலை செய்தவள். போன மாதம் ஊருக்கு வந்துவிட்டேன். வரும்போது கொழும்பில் அக்காவைப் பார்த்தேன். "தம்பிக்கு ஒண்டும் எழுதிப்போடாத, அவன் தாங்கமாட்டான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். ஆனால் நீங்கள் அனுப்பிய புதுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபின் என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. உறையில் இருந்த உங்கள் விலாசத்துக்கு எழுதிச் சத்தியத்தை மீறுகிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டில் முஸ்லிம் பெயர், அண்ணே. சும்மா கூப்பிடுகிற பெயர் இல்லை. கொழும்பில் ஏஜென்சிக்காரன் செய்து கொடுத்தது. கிழவி அம்மாவைத் தொழுகைக்குத் தயார் செய்ய முஸ்லிம் பொம்பளைதான் வேண்டும் என்று அந்த வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்குத் தொழுகை, ஓதுவது எல்லாம் பத்து நாளில் சொல்லிக் கொடுத்து அனுப்பினான். அக்கா இரண்டு வருடமும் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று தொழுதார். அதைத்தான் உங்களிடம் சொல்லக் கூசினார்.

நீங்கள் தீபாவளிக்கு அனுப்பிய உறை வழியில் மூலை கிழிந்திருக்கிறது. முதலாளி கையில் எடுத்தபோது வெள்ளைத் தூள் கொட்டியிருக்கிறது. அந்த நாட்டில் வெள்ளைத் தூள் என்றால் தலை போகிற விஷயம். பயந்துபோய் அவரே பொலிசுக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் கழித்துச் சாம்பல் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய வினை. இது என்ன சிவப்புத் தூள், இந்தச் சீட்டில் இருக்கிற சத்தியபாமா யார், வருத்தக்காரக் கிழவிக்குச் சூனியம் செய்தாயா என்று கேட்டார்கள். சூனியம் என்று கேசு எழுதினால் உயிருக்கே ஆபத்து. அக்கா தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார். "சத்தியபாமா நான்தான். நான் இந்து."

நாலு மாதம் ஜெயிலில் இருந்தார். கிழவி அம்மா சக்கர நாற்காலியில் வந்து, "இவ எனக்கு ஒரு கெடுதலும் செய்யல, விட்டுடுங்க" என்று பெரியவர்களிடம் மன்றாடினாராம். அதனால்தான் சூனியக் கேசு இல்லாமல் போனது. போகும்போது அக்காவிடம், "என் பக்கத்துல நின்னு தொழுதியே, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ஜெயிலைப் பற்றிப் பேசும்போது அக்கா அழவில்லை. இதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

கொழும்பில் ஏர்போர்ட்டிலேயே பிடித்துவிட்டார்கள். கள்ளப் பாஸ்போர்ட் கேசு நடக்கிறது. ஒரு கன்னியாஸ்திரி அம்மா பிணை எடுத்திருக்கிறார்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. திருநீறு அனுப்பாதீர்கள் அண்ணே. அவ்வளவுதான்.

இப்படிக்கு
அஞ்சலை


மல்கிரேவ்
10.8.1997

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

அஞ்சலையைக் கோபிக்காதீர்கள். எனக்கு எல்லாம் தெரியும். பத்து நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். நான்தான் அக்கா. பத்து வெள்ளிக்கிழமை இருந்தது. நீங்கள் இரண்டு தரம் வேண்டாமென்று எழுதினீர்கள், குணசீலன் வாசலில் வைத்துத் தடுத்தார். எல்லாவற்றையும் விட எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று நினைத்தேன். பிறகு அந்தத் திருநீறுதான் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதை வாசிக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

குடிவரவு அலுவல் பார்க்கும் ஒருவரிடம் போனேன். முழுவதையும் கேட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டார். "ரெண்டு நாட்டிலயும் கேஸ் இருக்கு தம்பி. நான் காசு வாங்கிக்கொண்டு உங்களை ஏமாத்த விரும்பேல்ல" என்றார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பேனா? இல்லை, இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. என்னை நாலு அடி அடியுங்கள் அக்கா.

சிறி


உ
சிவமயம்

கொழும்பு
2.11.1997

அன்புத் தம்பி சிறிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், என்னை நினைத்து அழக்கூடாது. இந்த மூன்றையும் செய்தால் நீ எனக்குக் கடன்பட்டவன் இல்லை.

உன்னை ஏன் அடிக்க வேண்டும்? திருநீற்றை நீ அனுப்பினாய், காரணத்தை நான் அனுப்பவில்லை. முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். உன் அக்கா பெயரைக் கொடுத்து வேலை வாங்கினாள் என்று எழுதக் கை வரவில்லை. எட்டு வயதில் உனக்குப் பொய் சொல்லாதே என்று பிரம்பால் அடித்தவள் நான். எந்த முகத்தோடு எழுதுவது? வெட்கத்தில் ஒரு வரியை விட்டேன், அது எங்கே கொண்டுபோய் விட்டது பார்.

யும்மாவுக்குப் பக்கத்தில் நின்றபோது நான் நடிக்கவில்லை சிறி. உன்னை நினைத்துத்தான் நின்றேன். அந்த அம்மாவுக்கு நல்ல சாவு வர வேண்டும் என்றும் கேட்டேன். ஜெயிலை மறந்துவிடுவேன், அவர் கடைசியாகக் கேட்ட கேள்வியை மறக்கமாட்டேன்.

வழக்கு முடிந்துவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஒத்திவைத்த சிறைத்தண்டனை. ஆகவே பொலிஸ் நற்சான்றிதழ் என்ற பேச்சு இனி இல்லை. படிவத்தைக் கிழித்துவிடு. வெறுமையான அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதே.

கொழும்பில் இருக்க முடியவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் பொலிஸ்காரர் லொட்ஜைச் சோதிக்க வருகிறார்கள், அடையாள அட்டையைப் பார்த்து எங்கே இருந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்கிறார்கள். எங்கள் ஊர் சாவகச்சேரிக்குப் போனாலும் வீட்டில் கூரை இல்லை. வழக்கு உள்ளவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் மாட்டார்கள். இன்னொரு ஏஜென்சிக்காரன் குவைத்துக்கு ஒரு வழி சொல்கிறான். வேறு பாஸ்போட், வேறு பெயர். நீ தடுத்து எழுதுவாய் என்று தெரியும். அந்தக் கடிதம் வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன்.

விலாசத்தை அங்கே போய் அனுப்புகிறேன். ஹமீதா என்று உறையில் எழுது. இந்த முறை காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். யார் திறந்து வாசித்தாலும் ஒன்றும் இல்லாத கடிதமாக இருக்க வேண்டும். அக்கா என்று எழுதாதே. முஸ்லிம் பிள்ளைகள் ராத்தா என்றுதான் எழுதுவார்கள். உன் பெயரையும் போடாதே. சலீம் என்று போடு, நன்றாகத்தான் இருக்கிறது. வருடத்தில் இரண்டு தரம் எழுதினால் போதும். எழுத்தைப் பார்த்தே நீ சுகமா இல்லையா என்று நான் கண்டுபிடித்துவிடுவேன்.

நீ என் கண்ணுக்குள் இருக்கிறாய்.

அக்கா


மெல்பேர்ண்
22.3.1998

அன்புள்ள ஹமீதா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்களும் அந்த வீட்டில் உள்ள எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

இங்கே வெயில் குறைந்துவிட்டது. வேலை வழக்கம்போல நடக்கிறது. என்னோடு வேலை செய்யும் யூசுப் உங்களுக்குச் சலாம் சொல்லச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

ஜன்னலோரம் கதிரை போட்ட அறை அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலைத் திறந்து காற்று விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போது வெளியே எங்கும் போவதில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்.

உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உங்கள் தம்பி
சலீம்